நான்கு நாள் நிறுத்தினால் பேட்டரி காலி: கரண்டை இழுப்பது எது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்

நீங்கள் சொன்னதை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன். 2018 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். 35 ஆம்பியர்-அவர் பேட்டரி (அதாவது ஒரு ஆம்பியர் வீதம் 35 மணி நேரம் கொடுக்கும் கொள்ளளவு), மாற்றி ஏழு மாதம் ஆகிறது. வார இறுதியில் மட்டும் வண்டியை எடுக்கிறீர்கள். நான்கு நாள் நிறுத்தி வைத்தால் ஐந்தாம் நாள் செல்ஃப் எடுப்பதில்லை, டிக் டிக் என்று சத்தம் மட்டும் வருகிறது. பேட்டரிக் கடையில் பேட்டரி நன்றாக இருக்கிறது என்கிறார்கள். என்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். போன வருடம் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, பின்பக்கக் கேமரா, டேஷ்கேம் மூன்றையும் வெளியே ஒரு கடையில் மாட்டியிருக்கிறீர்கள். எது கரண்டை இழுக்கிறது என்பது உங்கள் கேள்வி.

முதல் வேண்டுகோள்: அளந்து பார்க்கும் வரை எதையும் வாங்காதீர்கள், எதையும் மாற்றாதீர்கள். ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலையில் நான் அதிகம் பார்த்த வீண்செலவு இதுதான். பேட்டரி இறங்குகிறது என்றால் உடனே பேட்டரியை மாற்றுவார்கள். புது பேட்டரியில் தெம்பு அதிகம் என்பதால் சில வாரம் எல்லாம் சரியானது போலத் தெரியும். கரண்டை இழுக்கும் பொருள் உள்ளே அப்படியேதான் இருக்கும். அது புது பேட்டரியையும் மறுபடி மறுபடி காலி செய்யும். கார் பேட்டரி ஒரே மூச்சில் பெரிய கரண்ட் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டது. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி மாதிரி அடி வரை காலியாகி மறுபடி ஏறுவதை அதன் மெல்லிய தகடுகள் தாங்காது. காலியாகவே கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் கெட்டியாகப் படிந்து கொள்ளளவு நிரந்தரமாகக் குறைந்துவிடும். எனவே உங்கள் ஏழு மாத பேட்டரிக்கும் கொஞ்சம் சேதம் ஏற்பட்டிருக்கலாம். அது காரணம் அல்ல, விளைவு.

பழுது மூன்று இடங்களில் இருக்கலாம். பேட்டரியால் சார்ஜைப் பிடித்து வைக்க முடியாமல் இருக்கலாம், ஓடும்போது போதிய சார்ஜ் ஏறாமல் இருக்கலாம், அல்லது நிறுத்திய வண்டி கரண்டை இழுக்கலாம். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க ஒரு மல்டிமீட்டரும் 10 நம்பர் ஸ்பானரும் போதும். மீட்டர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். 10 ஆம்பியர் வரை டிசி கரண்ட் அளக்கும் துளை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

பேட்டரியை வெளிச் சார்ஜரில் முழுதாக ஏற்றுங்கள். காலியான பேட்டரியை வண்டியை ஓட்டியே நிரப்பிவிடலாம் என்று நினைக்க வேண்டாம், அதற்குப் பல மணி நேரம் ஓட்ட வேண்டியிருக்கும். ஏற்றி முடித்ததும் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, நான்கைந்து மணி நேரம் விட்டு வோல்டேஜ் பாருங்கள். நன்றாக ஏறிய பேட்டரி 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும். 12.4 என்றால் முக்கால் பங்கு, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12.0க்குக் கீழே போனால் அநேகமாகக் காலி. 12 வோல்ட் பேட்டரி என்று பெயர் இருப்பதால் 12 காட்டினால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஆபத்தான அளவு.

நெகட்டிவ் கழன்ற நிலையிலேயே இரண்டு இரவு விடுங்கள். அப்போதும் 12.6ஐ ஒட்டியே நின்றால் பேட்டரி மேல் பழி போட முடியாது. தானாகவே 12.3, 12.2 என்று இறங்கினால் உள்ளே ஒரு செல் கெட்டிருக்கிறது, அதன் பிறகு வேறு எங்கும் தேட வேண்டாம். இவ்வளவு எளிய சோதனையை ஏனோ யாரும் செய்வதில்லை. மறுபடி மாட்டும்போது கடிகாரம், ஸ்டீரியோ செட்டிங் போகலாம், கண்ணாடி தானாக ஏறும் வசதியைச் சில வண்டிகளில் மறுபடி பழக்க வேண்டியிருக்கும். வேறு ஒன்றும் ஆகாது.

சார்ஜிங் பார்ப்பது இன்னும் சுலபம். என்ஜினை ஓடவிட்டு பேட்டரி முனைகளில் அளந்தால் 13.8க்கும் 14.5க்கும் நடுவில் இருக்க வேண்டும். ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டு மறுபடி பாருங்கள், கொஞ்சம் இறங்கலாம், 13க்குக் கீழே போய் அங்கேயே நிற்கக் கூடாது. சில புது மாடல்களில் சார்ஜிங்கை வண்டியின் கம்ப்யூட்டரே கூட்டிக் குறைக்கும். அவற்றில் சிறிது நேரம் குறைவாகக் காட்டினால் பதற வேண்டாம். டைனமோவை மாற்றச் சொன்ன மெக்கானிக் இந்த இரண்டு எண்களைப் பார்த்துவிட்டுச் சொன்னாரா என்று கேளுங்கள். பார்க்காமல் சொல்லியிருந்தால் அந்தச் செலவை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். டைனமோவைச் சந்தேகிக்க வேறு ஒரு காரணமும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

இனி உங்கள் வண்டியின் கணக்கு. மீட்டரைக் கையில் எடுக்கும் முன் பேப்பரில் போட வேண்டியது இது. சாவியை எடுத்த பிறகும் எல்லாக் கார்களும் கொஞ்சம் கரண்ட் இழுக்கும். ரிமோட் லாக் ரிசீவர், திருட்டு அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர்களின் நினைவு எல்லாம் அதில்தான் உயிர் வாழ்கின்றன. 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பு. 50 என்றே வைத்தாலும் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர். உங்கள் பேட்டரி பாதி இறங்க, அதாவது 17 ஆம்பியர்-அவர் போக, இரண்டு வாரம் ஆகும். உங்களுக்கோ நான்கு நாளில் அது நடக்கிறது. நான்கு நாள் என்பது 96 மணி நேரம். 17ஐ 96 ஆல் வகுத்தால் 0.18 ஆம்பியர், அதாவது 180 மில்லி ஆம்பியர். சேதத்தில் பேட்டரியின் கொள்ளளவு 25 ஆம்பியர்-அவராகச் சுருங்கியிருந்தால் 130 மில்லி ஆம்பியரே இந்த வேலையைச் செய்துவிடும். ஆக நாம் தேடுவது ஏறத்தாழ 130 முதல் 200 மில்லி ஆம்பியர் இழுக்கும் ஒரு பொருளை.

இந்த எண் கையில் இருந்தால் பாதி சந்தேகங்கள் தானாகக் கழிந்துவிடும். டிக்கிக்குள் இருக்கும் 5 வாட் பல்பு அணையாமல் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 400 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும், ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-அவர். இரண்டு நாளுக்குள் உங்கள் வண்டி படுத்திருக்கும். நான்கு நாள் தாங்குகிறது என்றால் நாள் முழுக்க எரியும் பல்பாக இருக்க வாய்ப்பு குறைவு. தூங்காத ஒரு ஸ்டீரியோ, நிறுத்திய பிறகும் பதிவு செய்யும் கேமரா, அணையாமல் ஒட்டிக்கொண்ட ஒரு ரிலே (சிறிய கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), இவைதான் இந்த அளவில் வருபவை. ரிலேக்குள் இருக்கும் கம்பிச்சுருள், அதாவது காயில், மட்டுமே 120 முதல் 180 மில்லி ஆம்பியர் வரை எடுக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

கணக்கோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஸ்டார்ட் செய்வதில்தான் பேட்டரி காலியாகிறது என்று பொதுவாக நம்புகிறார்கள். செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் எடுத்தாலும் இரண்டே விநாடிதான். கணக்குப் போட்டால் 0.1 ஆம்பியர்-அவர் கூட இல்லை. வாரம் முழுக்கச் சும்மா நிற்பதில்தான் இருப்பு கரைகிறது. 50 மில்லி ஆம்பியர் என்ற இயல்பான அளவே ஆறு நாளில் 7 ஆம்பியர்-அவரைத் தின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் போய் வரும் அரை மணி ஓட்டத்தில் அது முழுதாகத் திரும்புவது கடினம். ஆகவே பழுதைச் சரிசெய்த பிறகும், வாரம் ஒருமுறை மட்டும் எடுக்கும் பழக்கம் தொடர்ந்தால், மாதம் ஒரு தடவையாவது வெளிச் சார்ஜர் போட்டுக்கொள்ளுங்கள். பார்க்கிங்கில் தினமும் ஐந்து நிமிடம் என்ஜினை ஓடவிடுவது பேட்டரிக்குப் பெரிதாக எதுவும் தராது, பெட்ரோல்தான் செலவு.

இப்போது அளப்பது. இந்த வேலையில் எல்லாத் தவறும் ஒரே இடத்தில்தான் நடக்கிறது. வண்டி தூங்கும் முன்பே அளந்துவிடுகிறார்கள்.

சாவியை எடுத்துக் கதவைப் பூட்டியதும் கார் உடனே தூங்குவதில்லை. உள்ளே இருக்கும் கண்ட்ரோல் யூனிட்டுகள் ஒன்றோடொன்று பேசி முடித்து, ஒவ்வொன்றாக அணையும். சில வண்டிகளில் அதற்குப் பத்து நிமிடம் போதும். சிலவற்றில் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் கூட ஆகும். அதுவரை ஒரு ஆம்பியர், இரண்டு ஆம்பியர் என்றுதான் மீட்டர் காட்டும். அது பழுது அல்ல. நானும் ஒருமுறை ஒரு வண்டியில் ஒன்றே முக்கால் ஆம்பியர் பார்த்துவிட்டு, அரை நாள் முழுக்க ஃபியூஸ்களைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் அந்த வண்டியின் ரிமோட் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. சாவி பக்கத்தில் இருந்ததால் வண்டி தூங்கவே இல்லை. வண்டிக்காரர் அரை நாள் காத்திருந்தார். அன்றிலிருந்து சாவியை வேறு அறையில் வைக்காமல் இந்த வேலையைத் தொடங்குவதில்லை. பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால் சாவி குறைந்தது பத்தடி தள்ளி இருக்கட்டும், இன்னும் தூரம் என்றால் இன்னும் நல்லது.

வண்டியை நம்ப வைக்கவும் வேண்டும். பானெட் திறந்திருக்க வேண்டும், ஃபியூஸ் பெட்டியைத் தொட டிரைவர் கதவும் திறந்திருக்க வேண்டும். கதவு திறந்திருந்தால் வண்டி விழித்திருக்கும். அதற்கு ஒரு வழி உண்டு. திறந்த கதவின் ஓரத்தில் இருக்கும் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் தள்ளினால் இரண்டு முறை கிளிக் என்று மூடிக்கொள்ளும். கதவு மூடிவிட்டது என்று வண்டி நினைத்துக்கொள்ளும், உள்விளக்கு அணையும். வேலை முடிந்ததும் கைப்பிடியை இழுத்தால் நாக்கு திறந்துவிடும், திறந்ததை உறுதி செய்துகொண்ட பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும், இல்லையென்றால் பூட்டு உடையும். பழைய வண்டிகளில் தூணில் ஒரு ரப்பர் பொத்தான் இருக்கும், அதை அழுத்தி டேப் ஒட்டினால் போதும். பானெட்டுக்கும் சுவிட்ச் இருந்தால் அதையும் அதே மாதிரி அழுத்தி வையுங்கள். டிரைவர் பக்கக் கண்ணாடியை முன்பே இறக்கிவிடுங்கள். சென்ட்ரல் லாக் தானாக விழுந்து வெளியே மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

மீட்டரை 10 ஆம்பியர் டிசியில் வைத்து, சிவப்பு ஒயரை 10 ஏ என்று எழுதிய துளையில் மாற்றுங்கள். எச்சரிக்கையாக ஒன்று சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள். இந்த நிலையில் மீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியின் பிளஸ், மைனஸ் இரண்டிலும் வைத்துவிடாதீர்கள். கரண்ட் அளக்கும் நிலையில் மீட்டர் வெறும் கம்பிக்குச் சமம். நேராக ஷார்ட் ஆகும். மலிவான மீட்டர்களில் அந்த 10 ஏ துளைக்கு ஃபியூஸே கிடையாது, ஒயர் கையிலேயே எரியும். மீட்டர் மாட்டியிருக்கும்போது வண்டியை ஸ்டார்ட் செய்யவும் கூடாது.

மாட்டும் முறை இது. நெகட்டிவ் கிளாம்பின் நட்டைத் தளர்த்துங்கள். மீட்டரின் ஒரு முனையை முதலை வாய்க் கிளிப்பால் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் பிடியுங்கள், மற்ற முனையைக் கழற்றப் போகும் கிளாம்பில் பிடியுங்கள். அதன் பிறகு கிளாம்பை மெதுவாக மேலே தூக்குங்கள். இப்படிச் செய்தால் மின்சாரம் ஒரு நொடி கூட அறுபடாது. அறுபட்டால் எல்லா யூனிட்டும் விழித்து மறுபடி முதலிலிருந்து தூங்க வேண்டும். அது மட்டுமல்ல, ஏதாவது ஒரு யூனிட் தூங்க மறந்து மாட்டிக்கொண்டிருந்தால், மின்சாரம் அறுபட்டதுமே அது சரியாகிவிடும். பழுது உங்கள் கண்ணில் படாமலே மறைந்துவிடும். பிளஸ் பக்கம் இந்த வேலை செய்யக் கூடாது. ஸ்பானர் பாடியில் பட்டால் பெரிய தீப்பொறி வரும்.

கிளாம்ப் மீட்டர் கிடைத்தால் எதையும் கழற்றவே வேண்டாம், நெகட்டிவ் கேபிளைச் சுற்றிப் பிடித்தால் போதும். ஆனால் டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டராக இருக்க வேண்டும். வீட்டு வயரிங் வேலைக்காரர்களிடம் இருப்பவற்றில் பல ஏசி மட்டும்தான் அளக்கும், அது இங்கே உதவாது. அளக்கும் முன் ஜீரோ பட்டனை அழுத்த மறக்காதீர்கள்.

மாட்டியாயிற்று. இனி ஒரு மணி நேரம் வண்டியைத் தொடாதீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். படிப்படியாக இறங்கி ஓரிடத்தில் நிற்கும். 0.02 முதல் 0.05 வரை நின்றால் இயல்பு. 0.15, 0.2 என்று நின்றால் நம் கணக்கு சரி, ஆள் உள்ளேதான் இருக்கிறான்.

பிடிப்பது எப்படி? எல்லோருக்கும் தெரிந்த வழி ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கும்போது எண் இறங்குகிறது என்று பார்ப்பது. வேலை செய்யும், ஆனால் ஃபியூஸைத் திரும்பச் செருகும்போது அந்த யூனிட் விழித்துக்கொள்ளும், மறுபடி காத்திருக்க வேண்டும். பிடுங்கியதைச் செருகாமல் வரிசையாக வைத்துக்கொண்டே போவது ஓரளவு மேல். முன்பே ஃபியூஸ் பெட்டியை ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்த வழி வேறு. ஃபியூஸைப் பிடுங்காமலே அதன் தலையைப் பாருங்கள், இரண்டு பக்கமும் சிறிய உலோகப் புள்ளிகள் தெரியும். மீட்டரை 200 மில்லி வோல்ட்டில் வைத்து இரண்டு புள்ளிகளையும் தொடுங்கள். ஃபியூஸ் வழியாகக் கரண்ட் ஓடினால், அதன் சிறிய தடை காரணமாக ஒரு துளி வோல்டேஜ் தெரியும். ஓடாவிட்டால் சுத்தமாகப் பூஜ்ஜியம். 10 ஆம்பியர் சின்ன ஃபியூஸில் 1 மில்லி வோல்ட் தெரிந்தால் சுமார் 130 மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று பொருள். 15 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் அதே 1 மில்லி வோல்ட்டுக்கு 200 பக்கம். துல்லியம் முக்கியமில்லை, எந்த ஃபியூஸில் பூஜ்ஜியம் இல்லை என்பதுதான் தகவல். வண்டி தூங்கிக்கொண்டே இருக்கும், கால் மணி நேரத்தில் எல்லா ஃபியூஸையும் பார்த்துவிடலாம். இதற்கு பேட்டரியில் கரண்ட் மீட்டர் மாட்டியிருக்க வேண்டும் என்பது கூட இல்லை, நெகட்டிவ் வழக்கம்போல இணைந்திருந்தாலே போதும். டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு பெட்டி, என்ஜின் பக்கம் ஒரு பெட்டி, இரண்டையும் பாருங்கள்.

ஃபியூஸ் கிடைத்தவுடன் வேலை முடிந்துவிடாது. உள்விளக்கு என்றோ டோம் என்றோ எழுதிய ஒரே ஃபியூஸில் பல வண்டிகளில் ஸ்டீரியோவின் நினைவு, மீட்டர் போர்டு, டிக்கி விளக்கு எல்லாம் ஒன்றாகத் தொங்கும். அங்கே ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

உங்கள் வண்டியில் என்றால் நான் ஃபியூஸ் பெட்டிக்கே முதலில் போக மாட்டேன், ஸ்டீரியோவுக்குத்தான் போவேன். வெளியில் மாட்டும் ஸ்டீரியோக்களில் மஞ்சள் ஒயர் பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் கரண்டுக்கு, சிவப்பு ஒயர் சாவி போட்டால் மட்டும் வரும் கரண்டுக்கு, கறுப்பு எர்த். சாவி லைன் எது என்று தேட நேரமில்லாதபோது மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கி ஒரே லைனில் கொடுத்துவிடுவார்கள். ஸ்டீரியோ வேலை செய்யும், வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போவார். சாவியை எடுத்த பிறகும் அது தூங்காது. திரையை மட்டும் பட்டனில் அணைத்துவிட்டுப் போவோம், உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். கண்டுபிடிப்பது சுலபம். சாவியை முழுதாக எடுத்த பிறகும் ஸ்டீரியோ ஆன் ஆகிறதா என்று பாருங்கள். ஆன் ஆகிறது என்றால் இரண்டு ஒயரும் ஒன்றாக முறுக்கப்பட்டிருக்கிறது. சரி, ஒயர் ஒழுங்காகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், அப்போதும் விடாதீர்கள். ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ பலவற்றில் சாவி போட்டவுடன் சட்டென்று எழுவதற்காக, முழுதாக அணையாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும் செட்டிங் உண்டு. அதை உடனே அணையும்படி மாற்றலாம். ஆம்ப்ளிஃபையர் இருந்தால் அதற்குப் போகும் நீலம்-வெள்ளை ஒயரில் சாவி எடுத்த பிறகும் 12 வோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது டேஷ்கேம். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகியிருந்தால், அந்த சாக்கெட் சாவி எடுத்த பிறகும் உயிரோடு இருக்கும் வகையா என்று பார்க்க வேண்டும். சில வண்டிகளில் அப்படித்தான். ஃபியூஸ் பெட்டியிலிருந்து நேராக ஒயர் எடுத்து, நிறுத்திய பிறகும் பதிவு செய்யும்படி வைத்திருந்தால் அது 200 முதல் 400 மில்லி ஆம்பியர் வரை இழுக்கலாம். அந்த ஒயர் கிட்டில் வோல்டேஜ் இறங்கினால் தானாக அணையும் வசதி இருக்கும், ஆனால் 11.8 போன்ற அளவில் வைத்திருப்பார்கள். அது அணைவதற்குள் பேட்டரி போய்விடும். 12.4ல் வையுங்கள். அல்லது நான்கு நாள் நிற்கும் வண்டிக்கு அந்தப் பார்க்கிங் பதிவே வேண்டாம் என்பது என் கருத்து.

ஸ்டீயரிங்குக்குக் கீழே, மெக்கானிக் ஸ்கேனர் மாட்டிப் பழுதைப் படிக்கும் ஓபிடி சாக்கெட்டில் ப்ளூடூத் கருவி எதையாவது செருகி மறந்திருக்கிறீர்களா? அந்த சாக்கெட்டின் 16ஆம் பின்னில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும். கருவி தானே இழுப்பது கொஞ்சம்தான், சில சமயம் வண்டியின் யூனிட்டுகளையும் தூங்கவிடாமல் வைக்கும். ஜிபிஎஸ் டிராக்கரும் அப்படித்தான், அடித்தளப் பார்க்கிங்கில் சிக்னல் கிடைக்காமல் தேடிக்கொண்டே இருந்தால் வழக்கத்தைவிடக் கூடுதலாக இழுக்கும். ஃபாஸ்டாகையும் சிலர் சந்தேகப்படுகிறார்கள். கண்ணாடியில் ஒட்டிய அந்த ஸ்டிக்கரில் பேட்டரியும் இல்லை, வண்டியோடு எந்த ஒயரும் இல்லை. சுங்கச்சாவடியின் அலையிலிருந்தே சக்தி எடுத்துப் பதில் சொல்கிறது.

கம்பெனி போட்ட பொருள்களில் நான் சோதிப்பவை சில. பிரேக் பெடலுக்கு மேலே ஒரு சுவிட்ச் உண்டு, பெடல் மேலே வந்ததும் அதன் முனையை அழுத்தி விளக்கை அணைக்க ஒரு சின்ன ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பொத்தான் பெடலில் இருக்கும். வருடங்கள் போனால் அது நொறுங்கி விழுந்துவிடும். சுவிட்ச் முனை ஓட்டைக்குள் போய்விடும், பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கால்மிதியில் நொறுங்கிய துண்டு கிடந்தால் அதுதான். விலை மிகச் சொற்பம். ஆனால் மூன்று பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஒரே இரவில் பேட்டரி போய்விடும், உங்கள் நான்கு நாள் கணக்கோடு பொருந்தாது. டிக்கி விளக்கும் அப்படித்தான் பொருந்தவில்லை, இருந்தாலும் ஒரு நிமிட வேலை என்பதால் பார்த்துவிடுங்கள். ஃபோனில் வீடியோ ஓடவிட்டு உள்ளே வைத்து டிக்கியை மூடுங்கள். விளக்கு அணைகிறதா என்று வீடியோவே சொல்லும். டேஷ்போர்டு பெட்டிக்கும் இதே சோதனைதான்.

ரிலேயைத் தொட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் தூங்கிய வண்டியில் எல்லா ரிலேயும் குளிர்ந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் அதன் காயிலில் கரண்ட் ஓடுகிறது. அந்த ரிலேயைப் பிடுங்கிப் பாருங்கள், எண் இறங்கினால் அதை இயக்கும் சுவிட்சையோ ஒயரையோ தேட வேண்டும். என்ஜின் பகுதியில் எலி கடித்த தடம் இருந்தால் இங்கேதான் பலன் தெரியும். கடிபட்ட ஒயர் மழைக்காலத்தில் ஈரம் பட்டால் மட்டும் கசியும், வெயிலில் காய்ந்தால் நல்லபிள்ளையாக இருக்கும்.

எல்லா ஃபியூஸும் பூஜ்ஜியம், ஆனாலும் பேட்டரியில் 0.2 ஆம்பியர் போகிறது என்றால்? டைனமோவைச் சந்தேகிக்க நான் முன்பு சொன்ன காரணம் இதுதான். டைனமோவின் தடித்த ஒயர் சின்ன ஃபியூஸ்களைத் தொடாமல் நேராக பேட்டரிக்குப் போகிறது. உள்ளே கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடுகளில் ஒன்று கசிந்தால், நின்ற வண்டியில் கரண்ட் பின்பக்கமாக ஓடும். காலையில் குளிர்ந்த என்ஜினில் டைனமோ மட்டும் லேசாகச் சூடாக இருக்கும், கையால் தொட்டே உணரலாம். உறுதி செய்ய, முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், டைனமோவின் தடித்த ஒயரைக் கழற்றி டேப் சுற்றி ஒதுக்குங்கள், மறுபடி பேட்டரியை இணைத்து அளந்து பாருங்கள். எண் இறங்கினால் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி. அப்போதும் அந்த டையோடுகள் இருக்கும் ரெக்டிஃபையரை மட்டும் மாற்ற முடியுமா என்று விசாரியுங்கள்.

மீட்டரில் மாலை முழுக்க 0.03 காட்டியும் நான்கு நாளில் பேட்டரி இறங்குகிறது என்றால், எதுவோ நடுவில் விழித்து விழித்துத் தூங்குகிறது. ஃபோனை ஸ்டாண்டில் வைத்து, மீட்டர் தெரியும்படி டைம்லாப்ஸ் வீடியோவாக ஓர் இரவு முழுக்க எடுங்கள். எண் குதிக்கும் நேரம் தெரிந்தால் என்ன விழிக்கிறது என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும். மீட்டர் சீக்கிரம் தானாக அணையும் வகை என்றால் அந்த வசதியை நிறுத்தி வையுங்கள்.

ஒன்றை மட்டும் நீங்களே தொட வேண்டாம்: மஞ்சள் கவர் போட்ட ஏர்பேக் ஒயர்கள். அங்கே மீட்டர் முனையைச் செருகக் கூடாது.

ஸ்டீரியோதான் என்று தெரிந்தால், திரும்ப அந்தக் கடைக்கே போய் சிவப்பு ஒயரைச் சாவி லைனுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். முறுக்கி டேப் சுற்ற விடாதீர்கள். சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஃபியூஸ் ஒன்றில் செருகும் இணைப்பான் தனியாகக் கிடைக்கிறது, அதற்கென்று தனி ஃபியூஸும் அதிலேயே இருக்கும். மாற்றிய பிறகு வண்டியைப் பூட்டி ஒரு மணி நேரம் விட்டு அளந்து, 0.05க்குள் வந்ததா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

இரண்டு இரவு கழித்த பேட்டரி வோல்டேஜ், என்ஜின் ஓடும்போது வோல்டேஜ், ஒரு மணி நேரத் தூக்கத்துக்குப் பின் ஆம்பியர், இந்த மூன்று எண்களையும் எழுதி அனுப்புங்கள். ஃபியூஸ் தலையில் பூஜ்ஜியம் இல்லாமல் ஏதாவது தெரிந்திருந்தால் அதன் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்து எங்கே கழற்ற வேண்டும் என்று அதிலிருந்து சொல்கிறேன்.